சில்லு மாறலாம், மேகம் மாற முடியுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வெப்அசெம்பிளி குறித்து வெளியான கட்டுரையைப் படித்தேன். இணைய உலாவிக்காகப் பிறந்த இந்தப் பைட்கோடு (எந்தச் சில்லுக்கும் உரியதாக இல்லாத இடைநிலை நிரல்வடிவம்) இப்போது மேகக் கணிமை சர்வர்களுக்கும் வந்துவிட்டது என்பதைத் தமிழில் எடுத்துச் சொன்னதற்கு நன்றி. ஆனால் செயலிகளைப் பொட்டலமாகக் கட்டி இயக்கும் கன்டெய்னர்களின் காலம் முடிகிறது என்றும், ஒரு முறை எழுதிய செயலியை எந்த மேக நிறுவனத்திற்கும் தடையின்றி மாற்றிக்கொள்ளலாம் என்றும் கட்டுரை சொல்லும் இரண்டு முடிவுகள், குறிப்பாக மென்பொருள் வாங்கும் பொறுப்பில் இருப்பவர்களிடம், நிறைவேறாத எதிர்பார்ப்பை உண்டாக்கும் என்று கருதுவதால் இதை எழுதுகிறேன்.

முதல் முடிவுக்கு ஆதாரமாக எல்லாரும் காட்டுவது, கன்டெய்னர் முறையைப் பரவலாக்கிய டாக்கர் நிறுவனத்தைத் தொடங்கிய சாலமன் ஹைக்ஸ் 2019 மார்ச்சில் ட்விட்டரில் எழுதிய ஒரு வரி. வெப்அசெம்பிளியும், அதற்கு இயங்குதள வசதிகளைத் தரும் வாஸி என்ற இடைமுகமும் 2008-லேயே இருந்திருந்தால் டாக்கரை உருவாக்கும் தேவை வந்திருக்காது என்பது அதன் சாரம். அந்த வரி பரவிய அளவுக்கு, அதைத் தொடர்ந்து அவரே தந்த விளக்கம் பரவவில்லை. லினக்ஸ் கன்டெய்னர், விண்டோஸ் கன்டெய்னர், வெப்அசெம்பிளி மூன்றையும் டாக்கர் அருகருகே இயக்கும் காலத்தையே தாம் சொல்வதாகவும், ஒன்று மற்றொன்றை ஒழிக்கும் என்று சொல்லவில்லை என்றும் அவர் தெளிவுபடுத்தினார்.

கன்டெய்னர் என்பது செயலியையும் அதற்கு வேண்டிய நூலகங்களையும் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்களையும்) ஒன்றாகக் கட்டிய பொட்டலம். ஆனால் உள்ளே இருக்கும் கட்டளைகள் குறிப்பிட்ட ஒரு சில்லுக்காகக் கம்பைல் செய்யப்பட்டவை, அதாவது அந்தச் சில்லின் கட்டளைகளாகவே மாற்றப்பட்டவை. இன்டெல் வகைச் சில்லுக்காகக் கட்டிய பொட்டலம் (இமேஜ்) வேறு வகையான ஆர்ம் சில்லில் நேரடியாக ஓடாது. அமேசான் தன் சொந்த ஆர்ம் சில்லான கிராவிட்டானை, நிரலைக் கொடுத்தால் தானே இயக்கித்தரும் லாம்டா சேவைக்கு 2021-இல் கொண்டுவந்ததிலிருந்து, ஒரே செயலிக்கு இரண்டு இமேஜ்களைக் கட்டிப் பராமரிப்பது பல குழுக்களின் அன்றாட வேலையாகிவிட்டது. வெப்அசெம்பிளி மாட்யூல், அதாவது பைட்கோடாகக் கட்டிய நிரல்கோப்பு, எந்தச் சில்லுக்கும் உரியதன்று. வாஸ்ம்டைம் போன்ற இயக்கச்சூழல் ஒன்று அந்தந்தச் சர்வரில் இருந்துகொண்டு, பைட்கோடை அங்குள்ள சில்லின் கட்டளைகளாக மாற்றி ஓட்டுகிறது.

இது புதிய எண்ணம் அன்று. 1970-களில் சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பாஸ்கல் நிரல்மொழி அமைப்பு இதே வழியில்தான் இயங்கியது. 1995-இல் வெளிவந்த ஜாவா நிரல்மொழி, ஒரு முறை எழுதினால் எங்கும் ஓடும் என்ற முழக்கத்துடனேயே விற்கப்பட்டது. இன்றும் நம் வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் ஓடும் ஜாவா செயலிகள், சில்லு மாறினாலும் பெரும்பாலும் மாற்றமின்றி ஓடுகின்றன. ஆகவே எங்கும் எடுத்துச்செல்லலாம் என்பதை மட்டும் காட்டி வெப்அசெம்பிளியைப் புகழ்வது முப்பது ஆண்டுகள் பழைய செய்தியைப் புதிதாகச் சொல்வதாகவே முடியும்.

உண்மையில் புதியது உரிமை வழங்கும் முறை. வழக்கமாக ஒரு சர்வரில் இயங்கும் நிரல், அதை இயக்கும் பயனர்கணக்குக்கு உரிய எல்லாக் கோப்புகளையும் படிக்கலாம், வலையமைப்பில் எங்கும் தொடர்புகொள்ளலாம். அந்த நிரலுக்குள் இருக்கும் யாரோ எழுதிய ஒரு சிறு நூலகத்துக்கும் அதே உரிமைகள் கிடைக்கின்றன. 2018-இல் ஜாவாஸ்கிரிப்ட் உலகில் பரவலாகப் பயன்பட்ட ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற நூலகத்தின் வழியாக, பிட்காயின் பணப்பைகளைத் திருடும் நிரல் நுழைக்கப்பட்டதற்கும், 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தில் வெளிப்பட்ட பாதுகாப்பு ஓட்டை உலகம் முழுவதும் சர்வர் நிர்வாகிகளின் உறக்கத்தைக் கெடுத்ததற்கும் இதுவே அடிப்படை. பதிவேடு எழுதுவதற்காகச் சேர்க்கப்பட்ட ஒரு நூலகம், வெளியிலுள்ள முகவரிக்குச் சென்று நிரலைக் கொண்டுவந்து இயக்க வல்லதாக இருக்க வேண்டிய அவசியம் என்ன என்று அப்போது பலரும் கேட்டார்கள். வாஸி முறையில் மாட்யூலுக்குத் தொடக்கத்தில் எந்த உரிமையும் கிடையாது. கோப்பைத் திறக்கவும், நேரம் பார்க்கவும்கூட இயக்கச்சூழல் அந்த வசதியைக் கையில் கொடுத்தாக வேண்டும். வேலைக்கு வருபவரிடம் வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுப்பதற்கும், வேலை நடக்க வேண்டிய அறையை மட்டும் திறந்துவிடுவதற்கும் உள்ள வேறுபாடு இது.

ஜாவாவிலும் செக்யூரிட்டி மேனேஜர் என்ற பெயரில் இத்தகைய கட்டுப்பாடு இருந்தது என்று விவரம் அறிந்தவர்கள் சுட்டிக்காட்டுவார்கள். இருந்தது உண்மைதான். ஆனால் சர்வர்களில் அது இயல்பாகவே செயல்பாட்டில் இருக்காது, யாராவது முனைந்து இயக்க வேண்டும், விதிகளை எழுதிப் பராமரிக்க வேண்டும். அந்தத் தொல்லையை ஏற்றவர்கள் மிகச் சிலர். பயன்படுத்துவோர் அரிது என்பதால் 2021-இல் ஜாவா 17 அதை நீக்கப்படப்போகும் பட்டியலில் சேர்த்தது, 2025-இல் ஜாவா 24 அதை நிரந்தரமாக முடக்கியது. பாதுகாப்பை விரும்பியவர் தேடிச்சென்று இயக்கிக்கொள்ளும் ஏற்பாடாக வைத்தால் அது கிடப்பில்தான் கிடக்கும். வெப்அசெம்பிளியை வடிவமைத்தவர்கள் மறுப்பை இயல்புநிலையாக வைத்ததை நான் அதன் எல்லாச் சிறப்புகளுக்கும் மேலாக மதிக்கிறேன்.

இதையும் மிகைப்படுத்தக் கூடாது. பல நூலகங்களை ஒரே மாட்யூலாகக் கம்பைல் செய்துவிட்டால், அந்த மாட்யூலுக்குக் கொடுத்த உரிமை அதற்குள் இருக்கும் எல்லாருக்கும் பொதுவாகிவிடுகிறது. சி மொழி நிரலில் இருக்கும் நினைவகப் பிழை, மாட்யூலின் எல்லையைத் தாண்டாவிட்டாலும், அந்த எல்லைக்குள் தரவைக் கெடுக்கத்தான் செய்யும். மாட்யூல்களைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி உரிமை தருவதற்கு வழிசெய்யும் ‘கூறு மாதிரி’ என்ற வரையறை, 2024 ஜனவரியில் வாஸி 0.2 வெளியானபோதுதான் பயன்பாட்டுக்கு உகந்த நிலையை அடைந்தது.

இனி இரண்டாவது முடிவுக்கு வருகிறேன். பைட்கோடு சில்லிலிருந்து விடுதலை தருகிறது, மேக நிறுவனத்திலிருந்து விடுதலை தரவில்லை. ஒரு செயலி கணக்கிடுவதோடு நிற்பதில்லை. தரவுத்தளத்தில் எழுதுகிறது, பிற நிரல்கள் எடுத்துக் கையாள வேண்டிய செய்தியை வரிசையில் வைக்கிறது, கோப்புச் சேமிப்பகத்தை அழைக்கிறது, யார் உள்ளே வந்தார் என்பதைச் சரிபார்க்கிறது. இவை ஒவ்வொன்றும் அந்தந்த நிறுவனத்தின் சொந்தச் சேவை, சொந்த அழைப்பு முறை. அமேசானின் டைனமோடிபி தரவுத்தளத்தை அதன் சொந்த முறையில் அழைக்கும் ஒரு மாட்யூலை மைக்ரோசாஃப்டின் அஸ்யூருக்குக் கொண்டுபோனால் பைட்கோடு பிழையின்றி ஓடும், ஆனால் அங்கே டைனமோடிபி இருக்காது. பல ஆண்டுகள் சேர்ந்த தரவை இடம் மாற்றும் செலவும் உழைப்பும் எந்த நிரல்வடிவத்தாலும் குறைவதில்லை. இந்தச் சேவைகளுக்கும் பொதுவான இடைமுகங்களை வகுக்கும் முயற்சி வாஸியைச் சார்ந்து நடந்துவருகிறது என்றாலும், வாஸி 0.2-இல் உறுதிசெய்யப்பட்டவை கோப்பு, கடிகாரம், வலைத்தொடர்புக்கான சாக்கெட், ஹெச்டிடிபி போன்ற அடிப்படை வசதிகளே. ஒரு பெயருக்கு எதிரே அதன் மதிப்பை வைத்துத் தரவைச் சேமிப்பது, செய்தி அனுப்புவது போன்றவற்றுக்கான இடைமுகங்கள் அந்தத் தொகுப்பில் இடம்பெறவில்லை.

எங்கே இது பொருந்தும் என்பதற்கு நல்ல சான்று, இணையக் கடைகளுக்கான தளத்தை நடத்தும் ஷாப்பிஃபை. கடைக்காரர்களுக்காக வெளியார் எழுதும் தள்ளுபடிக் கணக்குகளை அந்நிறுவனம் வெப்அசெம்பிளி மாட்யூல்களாகப் பெற்று, வாடிக்கையாளர் பணம் செலுத்தும் நேரத்தில் தன் சர்வரிலேயே இயக்குகிறது. முன்பின் அறியாதவர் எழுதியது, சிறியது, நொடியின் சிறு பகுதியில் முடிந்துவிடுவது, திரும்பத் திரும்ப அழைக்கப்படுவது என்ற நான்கு தன்மைகளும் சேரும் இடத்தில் கன்டெய்னர் பருமனாகத் தோன்றும். ஃபாஸ்ட்லி நிறுவனம் 2019-இல் வெளியிட்ட லூசெட் இயக்கச்சூழல், ஒரு மாட்யூலை 50 மைக்ரோசெகண்டுக்குள் தொடங்கியதாக அறிவித்தது. கன்டெய்னரைத் தொடங்க அதைவிடப் பலமடங்கு நேரம் ஆகும். ஆனால் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் பெரிய சம்பளப் பட்டியல் செயலிக்குத் தொடங்கும் நேரம் ஒரு பொருட்டே அன்று. பைத்தான் செயலி என்றால், நிரலைப் படித்து இயக்கும் அந்த மொழியின் இன்டர்பிரெட்டரையே மாட்யூலுக்குள் சுமந்துசெல்ல வேண்டும். அத்தகைய செயலிகளைக் கன்டெய்னரிலேயே விட்டுவைப்பது அறிவுடைமை.

பெரிய நிறுவனங்களின் ஆதரவும் நிலையானதன்று என்பதை வாங்குவோர் நினைவில் கொள்ள வேண்டும். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் அஸ்யூரின் குபர்நெட்டிஸ் சேவையில் வெப்அசெம்பிளிக்கென முன்னோட்டமாகத் தொடங்கிய வாஸி நோடு பூல் என்னும் சர்வர் தொகுதி வசதியை மைக்ரோசாஃப்ட் 2025-இல் கைவிட்டது. வேறு வழியில் அதே வேலையைச் செய்துகொள்ளலாம் என்பது வேறு விஷயம்.

நம் நாட்டுக்கு இதில் ஒரு தனி அக்கறை உண்டு. சென்னை ஐஐடியின் சக்தி திட்டமும் மத்திய அரசின் கணினி ஆய்வு அமைப்பான சிடாக்கின் வேகா திட்டமும் ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பின் அடிப்படையில் சில்லுகளை வடிவமைத்துவருகின்றன. அவை இன்று மேகச் சர்வர்களில் இடம்பெறும் நிலையில் இல்லை என்றாலும், வாஸ்ம்டைம் ரிஸ்க்-ஃபைவ் சில்லுக்கும் கட்டளைகளை உருவாக்குகிறது. இன்று இன்டெல் சர்வருக்காக வாங்கும் மாட்யூலை நாளை அத்தகைய சில்லில் மறுகம்பைல் இன்றி இயக்கலாம்.

எனவே அரசுத் துறைகளும் பல்கலைக்கழகங்களும் மேகச் சேவைக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, வெப்அசெம்பிளியில் ஓடுமா என்று மட்டும் கேட்டு ஒரு பெட்டியில் குறியிட்டுவிடாமல், செயலி வெளியுலகை எந்தெந்த இடைமுகங்களின் வழியாக அழைக்கிறது, அவற்றுள் எவை வாஸியின் பொது வரையறையைச் சேர்ந்தவை, எவை வழங்குநரின் சொந்தச் சேவைகள் என்ற பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும். ஒரு மாட்யூல் எவற்றை இறக்குமதி செய்கிறது என்பது அந்தக் கோப்பிலேயே பதிவாகியிருப்பதால், மாட்யூல் தானே அழைக்கும் இடைமுகங்களைப் பொறுத்தவரை வழங்குநரின் பட்டியல் சரியா என்று துறையின் பொறியாளரே சில நிமிடங்களில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மென்பொருள் பொறியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்