செயலாளர் ஆண்டறிக்கை 2025–26: தருமபுரி, கிருஷ்ணகிரி சமூகப் பணியாளர்களின் செயற்கை நுண்ணறிவு வலையமைப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், இரண்டு மாவட்டங்களிலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். அஞ்செட்டியிலிருந்தும் சித்தேரியிலிருந்தும் முதல் பஸ் பிடித்து வந்தவர்களுக்குத் தனி வணக்கம்.

வரவு செலவை எனக்குப் பின் பொருளாளர் வாசிப்பார். உறுப்பினர் பட்டியல் வாசலில் ஒட்டியிருக்கிறது. பெயர் விடுபட்டிருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், ஓட்டுப் போட்ட பிறகு சொல்லிப் பயனில்லை. கூட்டங்கள் வழக்கம்போல் ஒரு முறை தருமபுரியிலும் ஒரு முறை கிருஷ்ணகிரியிலுமாக நடந்தன. அரூரில் வைப்பதாக இருந்த பயிற்சி மழையால் தள்ளிப்போனது. அப்புறம் பள்ளித் தேர்வு, தேர்தல் வேலை என்று அது நடக்கவே இல்லை. புதிய செயற்குழு அதை முதல் வேலையாக எடுத்துக்கொள்ளட்டும்.

இந்த ஆண்டின் பெரும்பகுதி ஒரே விஷயத்தில் போனது. ஏஐ கருவிகளை நம் வேலையில் எதற்கு விடலாம், எதற்கு விடக்கூடாது, அதை யார் முடிவு செய்வது? முதல் இரண்டிலும் ஓரளவு ஒத்துப்போய்விட்டோம். மூன்றாவதில் சண்டை. நடவடிக்கைக் குறிப்பில் ‘விவாதம் நடைபெற்றது’ என்றுதான் எழுதியிருக்கிறேன். கிருஷ்ணகிரி கூட்டத்தில் இருந்தவர்களுக்கு அது என்ன விவாதம் என்று தெரியும்.

வக்கீல்களுக்குப் பார் கவுன்சில் இருக்கிறது, மருத்துவர்களுக்குத் தேசிய மருத்துவ ஆணையம் இருக்கிறது. சமூகப் பணிக்கு அப்படிச் சட்டம் போட்டு அமைத்த தேசியக் கவுன்சில் நம் நாட்டில் இல்லை. தவறு செய்தவரைக் கூப்பிட்டுக் கேட்க ஆளில்லாத தொழில் இது. அதனால்தான் இவ்வளவு சிறிய வலையமைப்புக்கு விதி எதற்கு என்ற கேள்வியை நான் ஏற்கவில்லை. மேலே யாரும் இல்லாதபோது நமக்கு நாமே போட்டுக்கொள்வதுதான் விதி.

விதிகள் எப்படி வந்தன என்பதற்கு ஒரு சம்பவம். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஓர் உறுப்பினர் ஒரு சிறுமியின் வீட்டுக்கு விசாரணைக்குப் போனார். அந்தப் பக்கத்து வழக்கப்படி அம்மா பாதித் தமிழ், பாதித் தெலுங்கு, நடுவில் கன்னடம் என்று பேசியிருக்கிறார். ஒலிப்பதிவை ஒரு செயலியில் போட்டதும் சுருக்கம் வந்தது. ‘தந்தை குடும்பத்தைப் பிரிந்து வாழ்கிறார். குழந்தைக்குப் போதிய மேற்பார்வை இல்லை.’ அந்த அம்மா சொன்னது, முழுக்கத் தமிழில் போட்டால், “அவரு வூட்டுல தங்கறதில்லீங்க, பெங்களூர்ல கட்டட வேலை, பண்டிகைக்கு வருவாரு” என்பது. பெங்களூரும் கட்டட வேலையும் தெலுங்கில் வந்ததால் செயலி அவற்றை விட்டுவிட்டது. வீட்டில் தங்குவதில்லை என்பது மட்டும் மிஞ்சியது. பிழைப்புக்குப் போன அப்பா காகிதத்தில் ஓடிப்போன அப்பாவாகிவிட்டார். உறுப்பினர் தன் கைக்குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்ததால் பிடித்தார். பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக் குழந்தைகள் நலக்குழுவுக்கு அனுப்பியிருந்தால், அந்தப் பிள்ளை குழந்தைகள் இல்லத்தில் இருந்திருக்கக்கூடும். சுருக்கத்தின் தமிழில் ஒரு பிழை கிடையாது, அதுதான் ஆபத்து. தப்பும் தவறுமாக இருந்தால் எல்லோரும் இரண்டாவது தடவை படிப்போம்.

இதிலிருந்து வந்த விதி எளிமையானது. கருவி எழுதிய வரைவை மூலக் குறிப்போடு வைத்துப் படிக்காமல் யாரும் கையெழுத்துப் போடக்கூடாது. கருவியைப் பயன்படுத்தியதைக் கோப்பிலேயே ஒரு வரியில் எழுத வேண்டும். அறிக்கைக்குப் பொறுப்பு கையெழுத்துப் போட்டவருக்கே. “ஏஐ அப்படி எழுதிவிட்டது” என்ற விளக்கம் இந்த வலையமைப்பில் செல்லாது.

பெயரை மறைப்பது பற்றி நீண்ட நேரம் பேசினோம். குழந்தையின் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன் 74-வது பிரிவு சொல்கிறது, போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவும் சொல்கிறது. பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று சிலர் நினைத்தார்கள். மலைமேல் ஒரு குக்கிராமம், ஒன்பதாம் வகுப்பு, அப்பா கல்குவாரியில், அக்காவுக்குப் போன வருடம் கல்யாணம் என்று எழுதினால் அந்த ஒன்றியத்தில் யாருக்கும் பெயர் தேவைப்படாது. எனவே ஊர், பள்ளி, சாதி, குடும்பத் தொழில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் பொதுச் செயலிகளில் எதையும் போட வேண்டும். குழந்தைகள் தொடர்பான வழக்கு என்றால் எடுத்துவிட்டும் போடக்கூடாது. வாட்ஸ்அப் குழுவில் ஏஐ வரைந்த பொங்கல் வாழ்த்துப் படங்களுக்கும் தடை கேட்டார் ஒருவர். செயற்குழு அதைப் பெருந்தன்மையோடு விட்டுவிட்டது.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வர அப்போதிருந்து 18 மாத அவகாசம் கொடுத்தார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது சட்டம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம் மாவட்டங்களில் பதினைந்து வயதுப் பெண்ணின் கல்யாணத்தை ஏற்பாடு செய்வதே பெற்றோராக இருக்கும்போது ஒப்புதலை யாரிடம் வாங்குவது? வேறொரு சட்டம் தந்த கடமையைக் குழந்தையின் நலனுக்காகச் செய்பவர்களுக்கு விதிகளில் சில விலக்குகள் இருக்கின்றன. தொண்டு நிறுவனம் தானாக வாங்கிப் போட்ட செயலிக்கும் அந்த விலக்கு வந்துவிடும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தமிழக அரசு 2020-லேயே பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை என்று ஒன்றை வெளியிட்டது. அதையும் படித்தோம். அது அரசுத் துறைகள் கருவி வாங்கும்போது பார்க்க வேண்டியதைச் சொல்கிறது. களத்தில் நிற்கிறவருக்கு அதில் அதிகம் கிடைக்கவில்லை.

படிப்பு வட்டத்தில் வெளிநாட்டு அனுபவங்கள் மூன்றை எடுத்துக்கொண்டோம். நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை வாங்கிய பல்லாயிரம் பெற்றோரை மோசடிக்காரர்கள் என்று வரித்துறை தவறாக முத்திரை குத்தியது. சந்தேகப் பட்டியல் போட்ட கணினி முறையில் ஒருவரின் குடியுரிமையும் ஓர் அளவுகோலாக இருந்தது. 2021 ஜனவரியில் அங்கே அமைச்சரவையே ராஜினாமா செய்தது.

ஆஸ்திரேலியாவின் ‘ரோபோடெட்’ விவகாரம் நம்மவர்களுக்கு உடனே புரிந்தது. அதில் ஏஐ கூட இல்லை, வெறும் வகுத்தல் கணக்குதான். ஒருவரின் ஆண்டு வருமானத்தை இருவாரக் கணக்காகச் சமமாகப் பிரித்து, ‘நீ உதவித்தொகை வாங்கிய வாரங்களிலும் சம்பாதித்திருக்கிறாய், திருப்பிக் கொடு’ என்று அரசு கடிதம் அனுப்பியது. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையில் சீசன் மாதங்களில் மட்டும் வேலை பார்க்கும் பெண்ணின் கூலியை ஆண்டு முழுக்கப் பரப்பிப் போட்டால் என்ன ஆகும்? ஐப்பசியில் அடுப்பெரியாத வீட்டுக்கும் கணக்கில் வருமானம் இருக்கும். அதை விசாரித்த அரச ஆணையம் 2023 ஜூலையில் அறிக்கை கொடுத்தது.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரம் இருக்கும் அலெகெனி கவுண்டியில் 2016 முதல் ஒரு கணினி ஏற்பாடு நடக்கிறது. குழந்தை பாதிக்கப்படுவதாகத் தொலைபேசியில் தகவல் வந்ததும், அந்தக் குடும்பத்துக்குக் கணினி 1 முதல் 20 வரை ஆபத்து மதிப்பெண் போடும். அரசுச் சேவைகளின் பதிவேடுகள்தான் அதற்கு முக்கியத் தீனி. அரசு மருத்துவமனைக்கும் உதவித்தொகைக்கும் போகிறவர்கள் பதிவேட்டில் அதிகம் இருப்பார்கள், தனியாரிடம் போகிறவர்கள் தெரியவே மாட்டார்கள். இதே மாதிரி இங்கேயும் செய்யலாம் என்று இளைய உறுப்பினர் ஒருவர் ஆர்வத்தோடு சொன்னார். மூத்த அக்கா ஒருவர் எழுந்து தொட்டில் குழந்தைத் திட்டத்தை நினைவுபடுத்தினார். பெண்சிசுக் கொலையைத் தடுக்க, வளர்க்க விரும்பாத குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுவிடச் சொன்ன, 1992-ல் சேலத்தில் தொடங்கி 2001-ல் தருமபுரிக்கு வந்த திட்டம் அது. பெண்சிசுக் கொலை மாவட்டம் என்ற பெயரைச் சுமந்த அந்தக் காலத்துப் பதிவுகளை வைத்துக் கருவியைப் பழக்கினால், இரண்டாவதும் பெண் பிறந்த ஒவ்வொரு வீட்டையும் அது சந்தேகப் பட்டியலில் வைக்கும் என்றார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. குடும்பங்களுக்கு மதிப்பெண் போடும் எந்தக் கருவியும் வேண்டாம் என்று அன்றே தீர்மானமானது.

வெறுமனே தடை போட்டுக்கொண்டிருந்தோம் என்று நினைக்க வேண்டாம். அரசாணையை எளிய தமிழில் சொல்லவும், மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் மனு எழுதவும் ஏஐ நன்றாகவே உதவுகிறது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்ப முகாம் 2023 ஜூலை 24 அன்று நம் தொப்பூரில்தான் தொடங்கியது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பெண்களுக்கு மேல்முறையீடு எழுதிக் கொடுப்பது இன்றும் நம் உறுப்பினர்கள் பலரின் வேலை. ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம், ஐந்து ஏக்கருக்கு மேல் நன்செய் என்றால் தொகை கிடையாது என்ற நிபந்தனைகளை அரசு தன் தரவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது. கூட்டுக் குடும்பத்தில் ஒரே மீட்டர், பிரியாத பட்டா என்றால் சிக்கல்தான். ஆனாலும் மேல்முறையீட்டைப் பார்க்க வருவாய்க் கோட்டாட்சியர் என்று ஓர் அதிகாரி இருந்தார், அவர் பெயர் பலகையில் இருந்தது. வரும் திட்டங்களிலும் அப்படி ஒரு நாற்காலி இருக்கிறதா என்று முதலில் பார்க்கும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, சண்டைக்கு வருகிறேன். பெங்களூரு மென்பொருள் நிறுவனம் ஒன்று இந்த ஆண்டுக் கூட்டச் செலவை ஏற்கவும், உறுப்பினர்களுக்குத் தன் வழக்குப் பதிவுச் செயலியை இலவசமாகத் தரவும் முன்வந்தது. பதிலுக்குத் தொழில்நுட்பக் குழுவில் ஓர் இடம் கேட்டது. மண்டப வாடகைக்கே நாம் படும் பாடு தெரிந்தவர்கள் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கருவியை விற்பவர், அந்தக் கருவி சரியா என்று தீர்ப்புச் சொல்லும் குழுவில் உட்காரக்கூடாது. செயற்குழுவும் கடைசியில் அப்படியே முடிவு செய்தது. யார் வேண்டுமானாலும் வந்து செயலியைக் காட்டலாம், கேள்விக்குப் பதில் சொல்லலாம். இடமும் ஓட்டும் கிடையாது, பேனரில் பெயரும் கிடையாது. இத்தகைய நிறுவனங்களிடம் ஆலோசனைக் கட்டணம் வாங்கும் உறுப்பினர்கள் அதை எழுத்தில் தெரிவித்துவிட்டு, அந்தக் கருவி பற்றிய வாக்கெடுப்பில் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். மூன்று பேர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி.

அடுத்தது இன்னும் சூடானது. இப்போதுள்ள துணைவிதிப்படி எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப் பணி முதுகலைப் பட்டம் இருந்தால்தான் ஓட்டு. பட்டம் இல்லாத களப்பணியாளர்கள் இணை உறுப்பினர்கள், பேசலாம், ஓட்டுப் போட முடியாது. பட்டத்தின் மதிப்பு போய்விடும், தொழில்முறை அமைப்பு என்ற அடையாளம் கலைந்துவிடும் என்று மூத்தவர்கள் சிலர் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. பல ஆண்டுகள் போராடித்தான் இந்தப் படிப்புக்கு மருத்துவமனைகளிலும் நீதிமன்றங்களிலும் ஒரு மரியாதை கிடைத்தது. என் கருத்து வேறு. வீட்டுக்குப் போகிறவர், பேசியதைக் குறித்துக்கொள்கிறவர், அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறவர் பெரும்பாலும் இணை உறுப்பினர்தான். அந்தத் தேன்கனிக்கோட்டைத் தவறைப் பிடித்தவரும் இணை உறுப்பினரே. பொறுப்பை மட்டும் அவர் தலையில் வைத்துவிட்டு, விதி போடும் உரிமையை நாம் வைத்துக்கொள்வது முறையல்ல.

ஆகவே, அறிக்கைகளில் கையெழுத்திடும் களப்பணியாளர் எவருக்கும் முழு வாக்குரிமை தரும் திருத்தம் இன்று சிறப்புத் தீர்மானமாக வருகிறது. நகல் முன்கூட்டியே எல்லோருக்கும் அனுப்பப்பட்டது. செயற்குழு உறுப்பினர் யாரும் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் பதவியில் இருக்கக்கூடாது, கருவிகள் பற்றிய விதிகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும் என்ற இரண்டும் அதே தீர்மானத்தில் இருக்கின்றன. எதிர்க்கும் தரப்பில் ஒருவர் முதலில் பேச நேரம் கேட்டிருக்கிறார், தலைவர் அனுமதித்திருக்கிறார். கை தூக்க வேண்டாம், சீட்டில் ஓட்டு. இணை உறுப்பினர்கள் இன்று ஓட்டுப் போட முடியாது என்பது சங்கடமானதுதான், ஆனால் இன்றைக்கு அமலில் இருப்பது பழைய விதி.

நான் இரண்டு முறை செயலாளராக இருந்துவிட்டேன், இம்முறை நிற்கவில்லை. நடவடிக்கைக் குறிப்பேடு, ரப்பர் ஸ்டாம்ப், சங்கப் பதிவு ஆவணங்கள், ஒலிபெருக்கிக்காரருக்குத் தர வேண்டிய பாக்கிச் சீட்டு ஆகியவற்றைப் புதிய செயலாளரிடம் இன்று மாலையே ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்