சம்பந்தத்துக்கு, பாமணி ஆற்றுத் தாடை பற்றி

மன்னார்குடி

அன்புள்ள சம்பந்தம்,

போன வாரம் போனில் நீ கேட்டாயே, "பல்லை அளந்து ஆணா பெண்ணான்னு சொல்லிட முடியுமாடா?" என்று. பதில் சொல்ல வாயெடுத்தேன், லைன் போய்விட்டது. எழுதிவிடுகிறேன்.

மேட்டூர்த் தண்ணீர் வருவதற்குள் பாமணி ஆற்றைத் தூர்வாரியபோது ஜேசிபி வாளியில் சேற்றோடு ஒரு கீழ்த்தாடை வந்ததுதான் விஷயம். அந்தக் கரையோரம் பழைய இடுகாடு. மண் அரித்து இறங்கியிருக்கும் என்பது என் கணக்கு. ஊர் விடுமா? அன்று சாயங்காலமே டீக்கடையில் அது பெண்ணாகி, அவளுக்கொரு கள்ளக்காதலும் முளைத்து, கொலையும் நடந்து முடிந்துவிட்டது.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷன் தம்பி ஒருவர் செல்போனில் படத்தோடு வந்தார். முன்பற்கள் நாலும் உதிர்ந்திருந்தன, கோரைப்பல் இரண்டும் மட்டும் கெட்டியாக நின்றன. "இதை வெச்சே சொல்லிடலாமாமே டாக்டர்?" என்றார். யூடியூப்.

அவர் கேட்டதில் பாதி உண்மை இருக்கிறது. ஆண் பெண் வித்தியாசம் மற்ற பற்களைவிடக் கோரைப்பல்லில்தான் கூடுதலாகத் தெரியும், அதிலும் கீழ்த்தாடையில். ஆனால் அந்த வித்தியாசம் எவ்வளவு என்கிறாய்? சராசரியில் அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. 1989ல் தென்னிந்தியர்களை அளந்து ஒரு சூத்திரம் போட்டார்கள்: கோரைப்பல்லின் அகலத்தை, இரண்டு கோரைப்பல் நுனிகளுக்கு நடுவே உள்ள தூரத்தால் வகு. விடை 0.274க்கு மேலே போனால் ஆண், இல்லையென்றால் பெண்.

சரி பார்ப்போமே என்று வெர்னியர் அளவுகோலை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுப் பல் அச்சுகளையே அளந்தேன். எனக்குப் பல் 6.8 மில்லிமீட்டர், நடுத்தூரம் 26.2. வகுத்தால் 0.26. உன் தங்கச்சிக்கு 7.1, நடுத்தூரம் 25.2. அது 0.28. ஆக, சூத்திரப்படி நான் பெண், அவள் ஆண். காபி கொண்டுவந்தவளிடம் சொன்னேன். "முப்பத்தெட்டு வருஷமா எனக்குத் தெரிஞ்ச கணக்கு, இப்பதான் உங்களுக்கு விடை வந்துதாக்கும்" என்று போய்விட்டாள்.

அந்தச் சூத்திரத்தில் எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு உறுத்தல். ஆணுக்குப் பல்லும் பெரிது, தாடையும் அகலம். ஒன்றை ஒன்றால் வகுத்தால் இரண்டு பெரிசும் அடிபட்டுப் போகுமே! அதற்குப் பல்லின் அகலத்தை மட்டும் நேராகப் பார்ப்பது மேல். அதுவும் எந்த மக்களின் பல்லோ அந்த மக்களின் அளவோடுதான் ஒப்பிட வேண்டும். நம் பக்கத்தில் இன்னொரு தொல்லை, வெற்றிலை பாக்கு. வயசாக ஆகப் பல்லுக்குப் பல் உரசிப் பக்கவாட்டில் தேயும், பாக்கு மென்ற வாயில் இன்னும் வேகமாய்த் தேயும். கும்பகோணம் வெற்றிலை போட்ட தாத்தாவின் கோரைப்பல், அளவில் அவர் பேத்தியுடையதாகிவிடும். அதனால் கன்னப்பக்கத்திலிருந்து நாக்குப்பக்கம் வரை உள்ள தடிமனையும் சேர்த்து அளப்பார்கள். அந்தத் திசையில் உரசல் குறைவு.

பிறகு எதற்கு இதெல்லாம் என்று கேட்பாய். பெரியவர்களுக்கு இடுப்பெலும்பு கிடைத்தால் பல்லை யாரும் முதலில் தேடப்போவதில்லை. குழந்தை எலும்பென்றால் கதை வேறு. இடுப்பு வயசுக்கு வந்த பிறகுதான் ஆண் பெண் காட்டும். நிரந்தரக் கோரைப்பல்லின் தலைப்பகுதியோ ஆறேழு வயசுக்குள் ஈறுக்குள்ளேயே உருவாகி முடிந்துவிடும், அதற்கப்புறம் வளராது. அங்கே இந்த அரை மில்லிமீட்டருக்கும் மதிப்பு உண்டு.

டிஎன்ஏ இருக்கிறதே என்பாய். பல்லுக்குள் இருக்கும் கூழிலிருந்து எடுத்து அமெலோஜெனின் என்ற ஜீனைப் பார்க்கிறார்கள். பெண்ணுக்கு இரண்டும் எக்ஸ் குரோமோசோம், ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய்; இந்த ஜீன் இரண்டிலும் உண்டு. எக்ஸ் பிரதி ஒய் பிரதியைவிட ஆறு டிஎன்ஏ எழுத்து குட்டை, இரண்டு நீளமும் தெரிந்தால் ஆண். அதிலும் ஒரு ஓட்டை. 2002ல் ஹைதராபாத்தில் சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு மையத்தில் 270 இந்திய ஆண்களைச் சோதித்தபோது 5 பேருக்கு ஒய் பிரதியே தெரியவில்லை. அந்த ஒரு சோதனையோடு நிறுத்தியிருந்தால் அவர்களும் என் கட்சிதான், பெண்கள்.

அதனால் அந்தத் தம்பியிடம், "தாடையை தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்கு அனுப்புங்க, என் பேரை எதிலும் எழுதாதீங்க" என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் இரண்டு நாளில் ஒரு பேப்பரில் 'பெண் எலும்புக்கூடு' என்றே வந்துவிட்டது. ஒரு தாடை, அது எலும்புக்கூடு!

சுனாமி சமயம் நாகப்பட்டினத்தில் நீ டியூட்டி பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தாய். அப்போது உன்னிடம் சொல்லவில்லை. அதே நாட்களில் தாய்லாந்தில், புக்கெட்டில், செத்துப்போன வெளிநாட்டுக்காரர்களில் நிறையப் பேரைப் பல்லை வைத்தே பேர் சொல்லிக் கண்டுபிடித்தார்கள். அளந்து அல்ல, அவர்கள் ஊர்ப் பல் டாக்டர் வைத்திருந்த எக்ஸ்ரேயோடும் குறிப்போடும் ஒப்பிட்டு. நம் மீனவக் குப்பங்களில் யாருக்கு எக்ஸ்ரே இருந்தது? குழி வெட்டிச் சேர்த்துப் புதைத்தோம். அதற்குப் பிறகுதான் நான் பழைய அச்சுகளைத் தூக்கிப் போடுவதை நிறுத்தினேன். பரண் நிறைந்து கிடக்கிறது, உன் தங்கச்சி தினம் திட்டுகிறாள்.

பல் செட்டு ஆடுகிறது என்றாயே, திருச்சியில் யாரிடமும் காட்டாதே, இங்கே வா. முதல் செட்டு போடுவதற்கு முன்னால் எடுத்த உன் அச்சும் பரணில்தான் இருக்கிறது. அதில் உன் சொந்தக் கோரைப்பல் இரண்டும் இருக்கின்றன. இன்னும் அளக்கவில்லை.

அன்புடன்,
ராமு