அந்த டன் கணக்கை எந்த மீட்டர் சொல்லுது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கார்பன் டை ஆக்சைடை புடிச்சு பூமிக்கு அடியில சேத்து வைக்கிறத பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரை படிச்சேன், நல்லாவே எழுதியிருந்தாங்க, ஆனா இத்தனை லட்சம் டன்னு போட்டவங்க அந்த டன்னை எப்படி அளக்குறாங்கன்னு ஒரு வரி கூட போடல. நான் 17 வருஷமா இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன், பைப்புல எவ்வளவு ஓடுதுன்னு அளக்குற ஃப்ளோ மீட்டரோடதான் பொழப்பு, அதனாலதான் மனசு கேக்காம எழுதுறேன்.

இந்த கேஸ் அளக்குறவன ரொம்ப படுத்தும் சார். 31 டிகிரி சூடு, 74 பார் பிரஷர் (ஒரு பார்னா சுமாரா நம்மள சுத்தி இருக்குற காத்தோட அழுத்தம்) பக்கத்துல வந்துட்டா கேஸா லிக்விடான்னு சொல்ல முடியாத ரெண்டுங்கெட்டான் நிலைமை. 80 பார் பிரஷர்ல 30 டிகிரி இருந்தா ஒரு கன மீட்டர்ல சுமார் 700 கிலோ இருக்கும், பிரஷர் அப்படியே இருந்து சூடு மட்டும் 35 டிகிரி ஆச்சுன்னா வெறும் 420 கிலோ கிட்டதான், அஞ்சே டிகிரில இவ்வளவு போயிடும்! பல மீட்டர் கன அளவைத்தான் அளக்கும், அதை இந்த அடர்த்தியால பெருக்கித்தான் டன் போடுறாங்க. நம்ம ஊர் வெயிலுக்கு அஞ்சு டிகிரி எல்லாம் ஒரு விஷயமா?

முன்னாடி நான் வேலை பாத்த ஒரு பிளான்ட்ல கம்ப்ரசர் தாண்டி போற லைன்ல கம்ப்ரசர் லோடு ஒரே மாதிரி ஓடும், ஆனா மொத்தம் எவ்வளவு போச்சுன்னு கூட்டிக் காட்டுற டோட்டலைசர் மத்தியான ஷிஃப்ட்ல கம்மியா காட்டும், ராத்திரி ஷிஃப்ட்ல கூட காட்டும். மூணு நாள் மீட்டரை கழட்டி கழட்டி பாத்தோம், மீட்டர்ல ஒண்ணும் இல்ல. கடைசில பாத்தா டெம்பரேச்சர் சென்சார் பைப்புக்குள்ள நீட்டிட்டு இருக்குற தெர்மோவெல்ங்குற உறைக்குள்ள அடி வரைக்கும் போகாம லூசா தொங்கிட்டு இருந்துச்சு, பைப்புக்குள்ள இருக்குற சூட்டை விட்டுட்டு வெளி வெயிலை படிச்சுட்டு இருந்திருக்கு, அதை வச்சு கம்ப்யூட்டர் அடர்த்தியை தப்பா போட்டு டன்னையும் தப்பா எழுதிடுச்சு.

எடையை நேரடியா அளக்குற கோரியாலிஸ் மீட்டர் இருக்கே, அதை போட்டா போச்சுன்னு சொல்வாங்க. நல்ல மீட்டர்தான், ஆனா லிக்விடோட கேஸும் கலந்து வந்தா அதுவும் தடுமாறும், அதுவும் போக அதை பெரும்பாலும் தண்ணி ஓட்டித்தான் காலிபரேட் பண்றாங்க, அதாவது சரியா காட்டுதான்னு ஒத்து பாக்குறாங்க. நைட்ரஜன், ஹைட்ரஜன்னு கொஞ்சம் கலந்திருந்தாலும் கணக்கு மாறும், அதனால கேஸ்ல என்ன எவ்வளவு இருக்குன்னும் சேத்து பாக்கணும்.

நார்வேல 1991லயே கார்பன் வரி போட்டாங்க, அதுக்கப்புறம்தான் 1996லேர்ந்து ஸ்லைப்னர்ங்குற கடல் எரிவாயு வயல்ல கடலுக்கு அடியில வருஷத்துக்கு சுமார் 10 லட்சம் டன் வரைக்கும் இறக்குனாங்க. காத்துல விடாம புதைச்ச டன்னுக்கு வரி மிச்சம், அப்ப டன்னுன்னா அது காசு. ஐரோப்பால இந்த டன்னை அளக்குறதுக்கு இருக்குற கடுமையான விதிலயே 2.5 சதவீதம் வரைக்கும் முன்ன பின்ன இருக்கலாம், அது 10 லட்சம் டன்னுக்கு 25,000 டன் வருது. நம்ம பெட்ரோல் பங்க்ல அஞ்சு லிட்டர் கேனை வச்சு பாத்தா 25 மில்லிக்கு மேல வித்தியாசம் வரக்கூடாது, அதாவது அரை சதவீதம், அதுக்கே வருஷா வருஷம் முத்திரை போட ஆள் வர்றாங்க.

நம்ம நாட்டுலயும் 2023ல கார்பன் கிரெடிட் (குறைச்ச கார்பன் டை ஆக்சைடு டன்னை வாங்கி விக்கிறது) வர்த்தக திட்டம் அறிவிச்சாச்சு. இனிமே இந்த மாதிரி செய்தி போடுறப்ப எந்த மீட்டர், எதை ஓட்டி காலிபரேட் பண்ணாங்க, கம்பெனிக்கு சம்பந்தம் இல்லாத ஆள் யாராவது வந்து பாத்தாங்களான்னு தயவுசெஞ்சு கேட்டு போடுங்க.

இப்படிக்கு,
ஒரு இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன், கடலூர்