வேலையை எழுதிக் கொடுக்கச் சொல்கிறாயே

அம்மிணிக்கு,

வேலையை ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு பெங்களூர் வந்து சேரச் சொல்லி ஞாயிற்றுக்கிழமை ஒரே பிடியாய் நின்றாய். மாப்பிள்ளையும் அதையே சொன்னார். ஃபோனில் வாதாடினால் ரெண்டு பேரும் அழுவோம், அதனால்தான் எழுதுகிறேன்.

புற்றுநோய்க்கு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏற்றுகிறார்கள். அந்த நாலைந்து நாள் ரசம்கூட இறங்காது. இஎஸ்ஐ, அதுதான் தொழிலாளர் இன்சூரன்ஸ், அந்த டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கி வீட்டில் கிடக்கிறேன். தெளிந்ததும் வேலைக்குப் போகலாம் என்று ஃபிட்னஸ் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு கம்பெனிக்குப் போகிறேன். சர்டிபிகேட் போட்டதில் முதல் ரெண்டு நாள் போக மற்ற நாளுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் பேங்கில் விழும், வருஷத்துக்கு 91 நாள் வரை. அது தீர்ந்தாலும், புற்றுநோய் என்பதால் 80 சதவீதம் நீட்டித்துத் தருவார்கள், ரெண்டு வருஷம் வரைகூட. அதற்கு முன்னால் ரெண்டு வருஷமாவது தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும். பனியன் கம்பெனியில் தேய்ந்தது வீண் என்பாயே, இப்போது அதுதான் சோறு போடுகிறது.

எழுதிக் கொடுத்தால் மறுநாளே வைத்தியம் நின்றுவிடாது, சரி. ஆனால் ஆறு மாதக் கணக்கில் 78 நாளாவது இஎஸ்ஐ சந்தா ஏறியிருந்தால்தான் அடுத்து இந்தப் பணத்துக்கு வழி. வேலையில் பேர் இல்லாவிட்டால் சந்தா எங்கிருந்து ஏறும்?

வேலை முன்னைப் போல இல்லை. இந்த மருந்தால் விரல் நுனியெல்லாம் மரத்துக் கிடக்கிறது. துணியைத் தடவியே ஓட்டையைச் சொன்ன கை, இப்போது பிசிறு வெட்டும்போது கட்டர் நூலில் இருக்கிறதா துணியில் இருக்கிறதா என்று தெரிவதில்லை. சூப்பர்வைசரிடம் நானே போய்ச் சொன்னேன். செக்கிங் டேபிளில் நிற்க வேண்டாம், உட்கார்ந்து மடித்துக் கொடு என்றார். ஓவர்டைமும் இல்லை. பக்கத்தில் இருக்கிற பெண்கள் என் கட்டிலிருந்து பாதியை இழுத்துப் போட்டு மடித்துவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி சீரியல் கதை பேசுவார்கள். உன் ஃபிளாட்டில் பகலெல்லாம் தனியாகப் படுத்துக்கொண்டு எதை நினைப்பேன், சொல்?

உடம்பை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. வெள்ளை அணு குறைகிற வாரத்தில் கூட்டத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. ஜுரம் 100.4 காட்டினால் கம்பெனியாவது ஒன்றாவது, ராத்திரியானாலும் நேரே ஆஸ்பத்திரிதான்.

உன்னால் ஆகிற வேலை ஒன்று இருக்கிறது. என் இன்சூரன்ஸ் நம்பர் உன்னிடம்தானே இருக்கிறது? மாதாமாதம் கம்பெனி என் பேரில் சந்தா கட்டியிருக்கிறதா என்று கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல். எங்கேயாவது விட்டிருந்தால் உடனே ஃபோன் பண்ணு, நான் ஆபீஸில் போய்க் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அம்மா