ரூம் இருக்கு, நாள் வாடகை 45 வெள்ளி

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில், வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டில் இருபது வருடத்துக்கு மேலாகக் குடியிருப்பவள். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரை மணி இருக்கும், வாசலில் ஏதோ உருட்டுகிற சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தால், எங்கள் செருப்பு ஸ்டாண்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் குனிந்து தேடிக்கொண்டிருக்கிறார். வேட்டி, மேலே ஸ்வெட்டர். பக்கத்தில் அவர் மனைவி, நீல நைலான் கயிறு கட்டிய பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் பெரியவர் பதறிப்போய், "ஏம்மா, சாவி இதுக்குள்ளதான் இருக்கும்னு சொன்னாங்க, காணலியே" என்றார்.

புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து அன்று இரவுதான் வந்து இறங்கியிருக்கிறார்கள். மகன் இங்கே எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருக்கிறார், நான்கு பேரோடு ஓர் அறையைப் பகிர்ந்து இருக்கிறார், அங்கே அப்பா அம்மாவைத் தங்கவைக்க முடியாது. அதனால் ஒரு வாட்ஸ்அப் குழுவில் 'ரூம் இருக்கு, நாள் வாடகை 45 வெள்ளி, சமைத்துக்கொள்ளலாம்' என்று வந்த செய்தியைப் (வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர்) பார்த்துப் பத்து நாளுக்கு முன்பணம் கட்டிவிட்டார். அந்த ரூம் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கதவு தள்ளி. வீட்டுக்காரப் பெண்ணை எனக்கு நன்றாகவே தெரியும். விருந்தாளிகள் வரும் நாட்களில் அவர் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாராம், சாவி மட்டும் செருப்பு ஸ்டாண்டில் இருக்குமாம். மகன் வாடகைக்காரில் இறக்கிவிட்டு அதே காரில் இரவு வேலைக்குப் போய்விட்டார். கதவு எண்ணை மாற்றிப் படித்துவிட்டு, பாவம், என் செருப்புகளுக்குள் தேடியிருக்கிறார்கள்.

நான் அழைத்துப்போய்க் கதவைத் திறந்துவிட்டேன். அப்புறம் அந்த அம்மா மெதுவாகச் சொன்ன ஒரு விஷயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. யாராவது கேட்டால், வீட்டுக்காரருக்குச் சித்தப்பா சித்தி என்று சொல்லச் சொன்னார்களாம். விமானம் ஏறுவதற்கு முன் இணையத்தில் நிரப்புகிற எஸ்ஜி வருகை அட்டையில், எங்கே தங்கப்போகிறீர்கள் என்ற இடத்தில் ஒரு ஹோட்டல் பெயரைப் போடச் சொன்னார்களாம். எழுபது வயது மனிதரை, முதல் வெளிநாட்டுப் பயணத்தில், குடிநுழைவு அதிகாரி முன்னால் பொய்த் தகவலோடு நிற்கவைத்திருக்கிறார்கள். அந்த அட்டையில் தவறான தகவல் தருவது குற்றம் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? மாட்டியிருந்தால் தலைகுனிந்து நிற்பது அவர், 45 வெள்ளி வாங்கியவர் அல்ல.

நான் இந்தக் கடிதம் எழுதுவதற்கு இதுதான் காரணம். நம் ஆட்கள் பலர் இதை ஒரு உதவி மாதிரி நினைத்துச் செய்கிறார்கள், நிஜமாகவே நல்லெண்ணத்தோடும் சிலர் செய்கிறார்கள். மறுநாள் அந்தப் பெண்ணிடம் கேட்டபோதும், "நம்ம ஊர்க்காரங்கதானே அக்கா, ஹோட்டல்ல போய் அவ்வளவு காசு கொடுப்பாங்களா" என்றுதான் சொன்னார். விதி என்ன என்று கேட்டால், "ரூம் வாடகைக்கு விடலாம்னு எல்லாருக்கும் தெரியுமே" என்கிறார். விடலாம்தான். ஆனால் எப்படி விடலாம் என்பதைப் பாதிப் பேர் தெரிந்துகொள்வதே இல்லை, அதனால் அதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

வீவக வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட வேண்டும் என்றால் முதலில் கழகத்திடம் அனுமதி வாங்க வேண்டும், இணையத்திலேயே வாங்கிவிடலாம். அறையை மட்டும் விடுகிறவர் தானும் அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும், சாவியை வைத்துவிட்டு வேறு வீட்டுக்குப் போகக்கூடாது. வாடகைக்காலம் குறைந்தது ஆறு மாதம். சுற்றுப்பயணியாக வருகிறவருக்கு விடவே கூடாது, ஒரு நாளுக்கும் கூடாது, ஒரு மாதத்துக்கும் கூடாது. மீறினால் எச்சரிக்கை, அபராதம் என்று போய், கடைசியில் வீட்டையே கழகம் திரும்ப எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அதிகாரம் இருக்கிறது. நாள் 45 வெள்ளிக்காக, முப்பது வருடம் மத்திய சேமநிதிச் சேமிப்பிலிருந்து தவணை கட்டிய வீட்டை வைத்துச் சூதாடுகிறோம் என்பது எத்தனை பேருக்குப் புரிகிறது?

கொண்டோ என்கிற தனியார் அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்கள் நமக்கு இதெல்லாம் இல்லை என்று நினைக்க வேண்டாம். தனியார் வீடுகளுக்குக் குறைந்தது தொடர்ந்து மூன்று மாதம். முன்பு அதுவும் ஆறு மாதமாக இருந்து, 2017 ஜூன் கடைசியில்தான் மூன்றாகக் குறைந்தது. அதே 2017-இல் சட்டத்தையும் திருத்தினார்கள், அபராதம் 200,000 வெள்ளி வரை போகலாம். ஏட்டில் மட்டும் இருக்கிற சட்டம் என்று யாராவது சொன்னால், 2018 ஏப்ரலில் ஒரு கொண்டோவில் நான்கு வீடுகளை இணையம் வழியாக நாள் வாடகைக்கு விட்ட இரண்டு பேருக்கு நீதிமன்றம் தலைக்கு 60,000 வெள்ளி அபராதம் போட்டதை நினைவூட்டுங்கள்.

இந்த மூன்று மாத விதியைத் தளர்த்தலாமா என்று நகர மறுசீரமைப்பு ஆணையம் யோசிக்காமல் இல்லை. 2018-இல் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். வருடத்துக்கு 90 நாள் வரைதான், அதற்கும் அந்த வளாகத்து உரிமையாளர்களில் 80 விழுக்காட்டினர் சம்மதிக்க வேண்டும் என்பது அப்போதைய யோசனை. கடைசியில் 2019 மே மாதம், இருக்கிற விதியே இருக்கட்டும் என்று முடிவானது. அந்த முடிவு சரி என்றுதான் நான் நினைக்கிறேன். மற்ற நாடுகளில் விடுகிறார்களே என்பார்கள், அங்கேயும் போக்கு மாறிவிட்டது. நியூயார்க்கில் 2023 செப்டம்பரிலிருந்து, முப்பது நாளுக்குக் குறைவாக விடுகிறவர் நகராட்சியில் பதிவு செய்ய வேண்டும், விருந்தினர் இருக்கும்போது தானும் வீட்டில் இருக்க வேண்டும், இரண்டு பேருக்கு மேல் கூடாது. பார்சலோனா ஒரு படி மேலே போய், இப்போது இருக்கும் 10,101 சுற்றுலா வீட்டு உரிமங்களையும் 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக அறிவித்துவிட்டது. குடியிருக்கிறவர்களின் வாடகை ஏறி, அக்கம்பக்கமே மாறிப்போன பிறகு அவர்கள் விழித்துக்கொண்டார்கள்.

அக்கம்பக்கம் மாறுவது என்றால் என்ன என்று எங்கள் மாடியிலேயே பார்க்கிறேன். என் மாமியாருக்கு 82 வயது. இரும்புக் கேட்டை மட்டும் பூட்டிவிட்டு மரக்கதவைத் திறந்துவைத்து, காற்று வாங்கிக்கொண்டு, போகிற வருகிற சீன ஆயாவோடும் மலாய்க்கார அக்காவோடும் கையசைத்துப் பேசிக்கொண்டிருப்பார். கடந்த நான்கைந்து மாதமாகக் கதவைச் சாத்திவிடுகிறார். வாரத்துக்கு ஒரு புது முகம் நடைபாதையில், ஒரு நாள் நடுராத்திரி பெட்டி உருட்டும் சத்தம், ஒரு நாள் யாரோ எங்கள் கேட்டையே தங்கள் சாவியால் திறக்கப் பார்த்தார்கள். வந்தவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை, அந்தப் பெரியவரைப்போல எல்லாரும் தட்டுத்தடுமாறி வருகிறவர்கள்தான். ஆனால் பயந்த கிழவிக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

எதிர்த்தரப்பு நியாயமும் எனக்குத் தெரியும். வைத்தியத்துக்கு வருகிறார்கள், பேரப்பிள்ளை பிறந்திருக்கிறது என்று வருகிறார்கள், மூன்று வாரம் ஹோட்டலில் தங்க யாரிடம் காசு இருக்கிறது? சர்வீஸ் அபார்ட்மென்ட் என்றால் குறைந்தது ஏழு நாள் எடுக்க வேண்டும், வாடகையும் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாது. இந்தக் கஷ்டம் உண்மையானது. இதற்கு ஒரு வழி வேண்டும் என்றால், மருத்துவமனைகளுக்குப் பக்கத்தில் உரிமம் பெற்ற, சமைத்துக்கொள்ளக்கூடிய, நியாயமான வாடகையில் தங்குமிடங்கள் வேண்டும் என்று சமூக அமைப்புகள் சேர்ந்து கேட்க வேண்டும், நானும் கையெழுத்துப் போடுகிறேன். அதுவரைக்கும், வீட்டில் இடம் இருக்கிறவர்கள் சொந்தக்காரரையோ சிநேகிதரின் அப்பா அம்மாவையோ காசு வாங்காமல் விருந்தாளியாக வைத்துக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. எங்கள் வீட்டிலேயே சித்தப்பா மகன் குடும்பத்தோடு வந்தால் ஹாலில் பாய் விரித்துத்தான் படுக்கிறோம்.

அந்தப் பெண்ணிடம் இரண்டு முறை பேசிவிட்டேன். இந்த மாதம் முடிவதற்குள் நிறுத்திவிடுகிறேன் என்றிருக்கிறார். நிறுத்தவில்லை என்றால் கழகத்துக்கு எழுதுவேன் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன், பழகின முகத்திடம் அதைச் சொல்வது எவ்வளவு சங்கடம் என்று சொல்லத் தேவையில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த விதிகள் ஆங்கிலத்தில் விவரமாக இருக்கின்றன, நம் பெரியவர்கள் படிப்பது உங்கள் நாளிதழை. பள்ளி விடுமுறை தொடங்குவதற்கு முன், ஊரிலிருந்து ஆட்கள் வரும் சமயம் பார்த்து, ஒரு கால் பக்கமாவது இதைத் தமிழில் போடுங்கள். பெற்றோரை வரவழைக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: பணம் கட்டுவதற்கு முன், உங்கள் அப்பா பெயரைப் போட்டு வாடகை ஒப்பந்தமும் கழகத்தின் அனுமதியும் தர முடியுமா என்று கேளுங்கள். வீவக வீட்டில் சுற்றுப்பயணிக்கு அப்படி ஒரு அனுமதியே கிடையாது, எனவே அந்த ஒரு கேள்வியிலேயே விஷயம் தெரிந்துவிடும். வருகை அட்டையில் வேறு முகவரி போடச் சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈசூன்