இதயம் வெறும் பம்புதானா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மருத்துவப் பக்கத்தில், "இதயம் ஒரு பம்பு, அவ்வளவுதான், உணர்ச்சியெல்லாம் மூளையின் வேலை" என்று எழுதியிருந்தீர்கள். முப்பது வருடம் நாடி பிடித்த தாதி நான். அந்த 'அவ்வளவுதான்' மட்டும் உறுத்துகிறது.

என் வீட்டுக்காரர் வாரம் தவறாமல் நாலு நம்பர் லாட்டரி எடுப்பவர் (திட்டிப் பயனில்லை). போன புதன் இரவு ஏழு மணிக்கு மேல், பக்கத்தில் கோப்பி ஆறிக்கொண்டிருக்க, கைப்பேசியில் முடிவு பார்த்தார். விளையாட்டாக மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி வேகமாகத்தான் ஓடியது. மூன்று இலக்கம் சரி, கடைசி இலக்கம் மாறிவிட்டது. அவர் "ச்சே!" என்பதற்கு முன்பே என் விரலடியில் இரண்டு துடிப்பு இழுத்து இழுத்து விழுந்தது. அப்புறம்தான் மறுபடி ஓட்டம்.

என் விரலை ஆராய்ச்சியாக எடுக்க வேண்டாம். ஆனால் 'தப்பு' என்று தெரிந்ததும் துடிப்பு கொஞ்சம் தாமதப்படுவதை ஆய்வுக்கூடங்களில் எப்போதோ அளந்துவிட்டார்கள். இது மூளை இதயத்துக்குச் சொல்வது. இதயத்திலிருந்து மூளைக்குப் போகும் செய்தியைத்தான் உங்கள் கட்டுரை விட்டுவிட்டது. ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் பாய்ந்து கழுத்துத் தமனியையும் பெருந்தமனி வளைவையும் விரிக்கிறது. அங்குள்ள அழுத்த உணரிகள் உடனே மூளைத்தண்டுக்குத் தகவல் அனுப்புகின்றன. நிமிடத்துக்கு 75 துடிப்பென்றால் 0.8 வினாடிக்கு ஒரு தகவல். மூளையும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன மின் அலையைப் பதிலாக எழுப்புகிறது. தலையில் மின்முனை ஒட்டிப் பார்த்தால் பதிவாகும். இதயம் சுருங்கும் அந்தக் கண நேரத்தில் பயந்த முகங்கள் கண்ணில் கூடுதலாகப் படுகின்றன என்று 2014-இல் மூளை ஆய்வாளர் சாரா கார்ஃபிங்கெல் குழுவினர் காட்டினார்கள். பரிசு கிடைத்ததா, கைநழுவியதா என்பதற்கும் மூளை ஏறக்குறைய கால் வினாடியில் ஓர் அலை எழுப்பும். இந்த அலையைத் துடிப்பு எந்த அளவுக்கு அசைக்கிறது என்றுதான் இப்போது துருவிக்கொண்டிருக்கிறார்கள்.

'இதயத்தால் சிந்தியுங்கள்' என்று காசு வாங்கிக்கொண்டு வகுப்பு நடத்துகிறவர்களோடு என்னைச் சேர்த்துவிடாதீர்கள். இதயம் யோசிக்காது, சரி. அதற்காக அதை ஊமையாக்கிவிடுவதா? அடுத்த வாரம் இந்தப் பாதியையும் எழுதுங்கள்.

இன்றும் நம்பர் எடுத்திருக்கிறார். கையைத்தான் தர மறுக்கிறார். அன்று நான் நாடி பிடித்ததால்தான் கடைசி இலக்கம் மாறியதாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி,
பட்டர்வொர்த், பினாங்கு