பூத் சிலிப்பை நம்பி வந்த பாட்டி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஓய்வு பெறும் வரை ஏழு தேர்தல்களில் பூத் டியூட்டி பார்த்தவள் நான். பெரும்பாலும் பி.ஓ.1, அதாவது முதல் வாக்குப்பதிவு அலுவலர் வேலைதான். வருகிறவரின் அட்டையைப் பார்த்து, பட்டியலில் வரிசை எண்ணைத் தேடி, பெயரை உரக்கப் படிக்க வேண்டும். கட்சி ஏஜென்ட்கள் தலையாட்டினால் சிவப்பு மையில் ஒரு கோடு. சாயங்காலம் தொண்டை கட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். 2019 ஏப்ரல் 18 மட்டும் மனதில் தங்கிவிட்டது.

உச்சி வெயிலில் எழுபதைத் தாண்டிய பாட்டி ஒருவர் வந்தார். கையில் நான்காக மடித்த பூத் சிலிப், அதில் அவருடைய படம். 2014-லும் 2016-லும் அதைக் காட்டித்தான் ஓட்டுப் போட்டிருக்கிறார். அப்போது அது போதும். 2019 பிப்ரவரி கடைசியில் தேர்தல் ஆணையம் விதியை மாற்றியது. சிலிப் மட்டும் செல்லாது, வாக்காளர் அட்டையோ, குறிப்பிட்ட 11 ஆவணங்களில் ஒன்றோ வேண்டும். இதைச் சிலிப்பிலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது.

"வேற என்ன இருக்கு ஆத்தா?" என்றேன். சுருக்குப்பையிலிருந்து ரேஷன் ஸ்மார்ட் கார்டு வந்தது. அரசு கொடுத்தது, படமும் இருக்கிறது, ஆனால் அந்த 11-இல் இல்லை. அப்புறம் பேங்க் பாஸ்புக். அது உண்டு, ஆனால் படம் ஒட்டியிருக்க வேண்டும். இதில் படமே இல்லை. ஓட்டர் கார்டு மழையில் ஊறி வீணாகிவிட்டதாம். ஆதார் திருப்பூரில் மகனிடம். நூறு நாள் வேலை அட்டை இருந்தால் போதுமே என்றேன். "அத வேலை நடக்குற எடத்துல வாங்கி வச்சிருக்காக தாயி" என்றார்.

அவர் யார் என்பதில் அங்கே ஒருவருக்கும் சந்தேகமில்லை. என் முன்னால் விரித்திருந்த பட்டியலிலேயே அவர் படம் இருந்தது. எதிரும் புதிருமான ஏஜென்ட்கள் மூன்று பேரும் "நம்ம பாட்டிதான் டீச்சர், விடுங்க" என்றார்கள். காலையிலிருந்து அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். தலைமை அலுவலர் கையேட்டைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். திருப்பி அனுப்பியது நான்தான்.

விதியை மாற்றக் காரணம் இல்லாமல் இல்லை. சிலிப் வெறும் அச்சடித்த தாள், யார் கைக்கும் போகும். 99 சதவீதத்துக்கு மேற்பட்ட வாக்காளர்களிடம் அட்டை இருப்பதாகவும் ஆணையம் சொன்னது. சரி. ஆனால் கொடுத்தது வேறு, அன்றைக்குக் கையில் இருப்பது வேறு. 2021 சட்டமன்றத் தேர்தலில் சிலிப்பிலிருந்து படத்தையே எடுத்துவிட்டார்கள். அது நல்லதுதான், படம் இருந்ததால்தானே செல்லும் என்று நம்பினார்கள். இன்னொன்று: ஓட்டர் கார்டில் சின்ன எழுத்துப்பிழை இருந்தால் பொருட்படுத்த வேண்டாம் என்றும் விதி உண்டு. அது தெரியாமல் வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் விஷயமில்லை. சிலிப் கொடுக்க வருகிறவர் அதை நீட்டிவிட்டுப் போகாமல், "ஓட்டுப் போட எந்த அட்டையக் கொண்டு வருவீங்க, எடுங்க பார்ப்போம்" என்று வாசலிலேயே கேட்க வேண்டும். ஐந்து நாள் முன்னால் தெரிந்தால் திருப்பூரிலிருந்து ஆதார் பஸ் ஏறி வந்துவிடும். ரேஷன் ஸ்மார்ட் கார்டையும், அதில் படம் உள்ள குடும்பத் தலைவருக்காவது ஏற்றுக்கொள்ளலாம்.

மதுரையில் அன்று சித்திரைத் திருவிழா என்பதால் இரவு எட்டு மணி வரை வாக்குப்பதிவு. எங்களுக்கு ஆறு மணியோடு சரி. வரிசையில் நின்ற பதினான்கு பேருக்கு டோக்கன் கொடுத்தார்கள். நாற்காலியை விட்டு எழுந்து எட்டிப் பார்த்தேன். பாட்டி வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.